ஜோதியைக் கேட்காமல் எடுத்த முடி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் சிவரஞ்சனிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய்வந்து, சுகமாக இருக்க ஆண்டாள் துணை இருக்க வேண்டும். சுகம் என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது தாயி. உடம்புக்கு ஒன்றும் இல்லை, அது உண்மை, மனசுதான் நன்றாக இல்லை. தினமும் வீடியோவில் பார்த்துக்கொள்கிறோம், அப்பா எதற்கு இப்போது பேனாவைத் தூக்கியிருக்கிறார் என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா கையிலிருந்து போனைப் பிடுங்கி, அங்கே மழையா என்று கேட்டேன், நீ வெயில்தான் அப்பா என்றாய், சரி சரி என்று திரும்பக் கொடுத்துவிட்டேனே, அன்றைக்கு இதைச் சொல்லத்தான் போனை வாங்கினேன். உன் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. காகிதத்துக்கு முகம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் படி ஏறாதே என்றார், இவள் வடகம் காயப்போட மொட்டை மாடிக்குப் போகாமல் இருப்பாளா, கேட்டால் ஏறலை, மெதுவா நடந்துதான் போனேன் என்கிறாள். உனக்குப் பருப்புப்பொடி இடித்து வைத்திருக்கிறாள். பஜாரில் குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ராஜபாளையம் பஸ் சுற்றிக்கொண்டுதான் போகிறது. பழைய சிநேகிதர்கள் இரண்டு பேர் பார்க்க வந்து, உன் மகள் மூளைக்குள்ள லைட் அடிச்சுப் பாக்காளாமே என்று கேட்டார்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் காபி ஆறுகிற வரைக்கும் அளந்திருப்பேன், இப்போது ஆமா என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே எழுந்து போய்விட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கச்சி, உன் நாகஜோதி அத்தைக்கு ஆனதெல்லாம் உனக்குத் தெரியும்தான், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் என் தப்பு எங்கே தொடங்கியது என்று எனக்கே விளங்கும். முதல் தடவை பக்கவாதம் வந்தபோது கை, கால், பேச்சு எல்லாம் போய், மேலே பார்த்தால் ஆமாம் என்று கண் மட்டும் மிஞ்சியிருந்தது. அடுத்த தடவை வந்ததில் அந்தக் கண்ணும் நின்றுவிட்டது. அவளுக்கு எல்லாம் கேட்கிறது, புரிகிறது என்று டாக்டர் சொன்னார், பதில் சொல்லத்தான் வழியில்லை. அதற்குத்தான் நீங்கள் அங்கே செய்த தொப்பியை, உங்களுக்காக மதுரையில் வேலை பார்க்கிற ஹஃபீஸா கொண்டுவந்தாள். அது என்ன செய்யும் என்று நீ எனக்குச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. சின்னப் பிள்ளையில் கரண்ட் போனால் டார்ச்சை உள்ளங்கையில் பொத்திப்பிடித்து, ரத்தம் தெரியுது பாருங்கப்பா என்று காட்டுவாயே, அதே சங்கதிதான் என்றாய். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிவப்பு வெளிச்சம் மண்டை ஓட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும், மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ அந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும், திரும்பி வருகிற வெளிச்சத்தின் அளவை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம் என்றாய். ரத்தம் போய்ச் சேரச் செத்த நேரம் ஆகும், அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னாய். பொறுமைதான் உன் அப்பாவுக்கு இல்லையே.

ஹஃபீஸா வந்த முதல் நாள் அத்தை வீட்டுக்காரர் ஐயாதுரை மாமாவிடம், அவங்க கை நல்லாப் பழகின வேலை எது மாமா என்று கேட்டாள். மாமா யோசிக்கவே இல்லை, சடை பின்னுறதுதாம்மா என்றார். அப்போது ஹஃபீஸா அத்தை காதருகே குனிந்து, அத்தை, ஆமாம்னு சொல்லணும்னா மனசுக்குள்ள உங்க சடையைப் பின்னுங்க, இல்லைன்னா ஒண்ணும் செய்யாம சும்மா இருங்க என்று சொன்னாள். அத்தை முடி உனக்குத் தெரியாததா, உனக்குத் தலை பின்னிவிட்டதே அவள்தான். அவள் படுக்கையில் விழுந்த பிறகு மாமா பேண்டேஜ் துணி மில் ஷிப்ட் முடிந்து வந்ததும் முதல் வேலையாக அவள் தலையைத்தான் சீவுவார். சடை பின்னவே தெரியாத மனுஷன், உன் அம்மாவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். சீவும்போது அவ மூச்சு நெதானமாவுது மச்சான், அவளுக்குப் பிடிச்சிருக்கு என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த முடிதான் அன்றைக்கு இடைஞ்சலாக இருந்தது. கறுப்பு முடி வெளிச்சத்தைக் குடித்துவிடுகிறது, அடர்த்தியும் அதிகம், வகிடு வகிடாகப் பிரித்து வைத்துத்தான் பார்க்க வேண்டும், அடுத்த தடவை மெல்லிய முனை உள்ள தொப்பி கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு ஹஃபீஸா போனாள். அவள் சொன்னதில் உன் அப்பா காதில் விழுந்தது ஒன்றே ஒன்று, முடிதான் இடைஞ்சல்.

இரவெல்லாம் எனக்கு அதே நினைப்பு. நம்ம பிள்ளை செய்த மெஷின், நம்ம வீட்டில் வேலை செய்யவில்லை என்றால் நன்றாகவா இருக்கும். விடிந்ததும் ராஜபாளையம் போய் மாமாவிடம், அய்யனாருக்கு மொட்டை நேர்ந்துக்குவோம் மாப்ளே, சாமிக்கும் ஆச்சு, மெஷினுக்கும் ஆச்சு என்றேன். மாமா தயங்கினார். அவகிட்ட கேக்க ஏலாதே மச்சான் என்றார். அவகிட்ட கேக்க ஏலாது, சாமிகிட்ட கேக்கலாம்ல என்று சொல்லி அவரையும் இழுத்துக்கொண்டு மலையில் இருக்கிற அய்யனார் கோவிலுக்குப் போனேன். நீ சிரிப்பாயே, அந்தப் பூக்கட்டிப் பார்க்கிறதுதான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டுக் கோவிலுக்கு வந்திருந்த ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னோம். வெள்ளை வந்தால் சம்மதம். வந்தது சிவப்பு. பொட்டலத்தைக் கலைத்துப்போட்டு மறுபடி எடுக்கச் சொன்னேன், மறுபடியும் சிவப்பு. பூசாரி, சாமிகிட்ட ஒரு தடவைதான் கேக்கணும் அண்ணாச்சி என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா, கோர்ட்டுலயே மூணு தடவை கூப்பிட்ட பொறவுதான் வரலைன்னு எழுதுவாக என்றேன். அத்தனை வருஷம் இந்த ஊர்க் கோர்ட்டில் டவாலியாக நின்று பேர் கூப்பிட்ட தொண்டை, அந்தத் திமிர் போகவில்லை. மூன்றாம் தடவை வெள்ளை வந்தது. ஜோதியே சம்மதம் சொன்ன மாதிரி எனக்கு அம்புட்டு சந்தோஷம்.

அவள் சொல்லியிருக்க மாட்டாள், அது எனக்கு அப்போதே தெரியும். மாமாவுக்கு மஞ்சள்காமாலை வந்து பிழைத்தபோது எல்லாரும் மொட்டை போடு என்றார்கள். அவள் பூமுடிதான் கொடுப்பேன் என்று பிடிவாதமாக நின்று, நுனியில் ஒரு கற்றையை மட்டும் வெட்டிக் கொடுத்தாள். ஆசாரி வீட்டு மாமி கேலி செய்ததற்கு, புருசனும் வேணும் முடியும் வேணும், சாமிக்கு என்ன நட்டம் என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தவள். அன்றைக்கு நானும் அங்கேதான் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவளைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போக முடியாது என்பதால் நாவிதரை வீட்டுக்கே வரவழைத்தேன். மாமா முன் அறையில் போய் நின்றுகொண்டார். நான்தான் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தேன். ஜோதி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, தெரியாது என்பதுதானே அவள் வியாதி, அதையே நான் அமைதி என்று எடுத்துக்கொண்டேன். முடியை மஞ்சள் துணியில் முடிந்து கோவிலில் சேர்த்துவிட்டு வந்து, உன் அம்மாவிடம் பெரிய காரியம் பண்ணிவிட்டதாகச் சொன்னேன். பூவை மூன்று தடவை கேட்டதை அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த முறை ஹஃபீஸா வந்தாள், தலையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நான் வகிடு எடுத்தாப் போதும்னுதானே சொன்னேன் அங்கிள் என்றாள். தொப்பியை மாட்டினாள். மெஷின் நன்றாக வேலை செய்தது சிவரஞ்சனி. உன்னிடம் நான் சொல்லாமல் மறைத்தது இதைத்தான். உங்க பேரு நாகஜோதியா, ஆமாம். உங்க ஊரு மதுரையா, இல்லை. உங்க வீட்டுக்காரர் பேரு ஐயாதுரையா என்று கேட்டதும் ரத்தம் பாய்வதைக் காட்டுகிற திரையில் கோடு மெல்ல ஏறி ஏறி உச்சிக்குப் போனது, மாமா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தெரிந்த பதில்களையே பலவிதமாக மாற்றி மாற்றிக் கேட்டு, இது நம்பலாம் என்று ஹஃபீஸாவுக்குத் திருப்தியான பிறகு, இனி நீங்க ஏதாவது கேளுங்க என்றாள். மாமா, வலிக்குதாட்டி என்று கேட்டார், இல்லை என்று வந்தது. அடுத்து நான் முந்திக்கொண்டேன். பாராட்டு வாங்கத்தான் முந்தினேன், வேறு எதற்கும் இல்லை. ஜோதி, மொட்டை எடுத்ததுல ஒனக்குச் சம்மதம்தானே என்று கேட்டேன்.

கோடு எழும்பவே இல்லை. காத்திருந்தோம். எழும்பவில்லை. ஹஃபீஸா வேறு கேள்விகளுக்கு நடுவே அதையே மறுபடி கேட்டாள், இல்லைதான். உடனே நான் வக்கீல் பேச்சு பேசத் தொடங்கினேன். சும்மா இருந்தா இல்லைன்னு அர்த்தமா, அவ தூங்கியிருப்பா, களைச்சிருப்பா என்றேன். ஹஃபீஸா குரலை உயர்த்தாமல், அதுக்குத்தான் அங்கிள் திருப்பியும் கேக்கணும் என்று சொல்லிவிட்டு, அத்தை, முடி எடுத்ததுல உங்களுக்கு வருத்தமா என்றாள். கோடு ஏறியது. புருஷன் பேருக்கு ஏறியதைவிட உயரமாக ஏறியது. ஆமாம் என்று சொல்வதற்கு அவள் மனசுக்குள் என்ன செய்ய வேண்டும் என்பது உனக்குத் தெரியும். இல்லாத சடையை எடுத்து முன்னால் போட்டுப் பின்னிக்கொண்டிருந்தாள், நான் எடுத்துக் கோவிலில் போட்டுவிட்டு வந்த சடையை.

அங்கே ஜோதி காலில் விழுந்திருக்க வேண்டும். நான் எழுந்து நின்று, மெஷின் கிறுக்குத்தனமாச் சொல்லுது, இது வேண்டாம், எடுத்துட்டுப் போ தாயி என்றேன். மச்சானை எதிர்த்துப் பேசுகிற மனுஷன் இல்லை மாமா. வீட்டார் விருப்பமில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும் என்பது அவர்கள் முறையாம், ஹஃபீஸா நிறுத்தினாள். தொப்பிப் பெட்டியை மட்டும் பிறகு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி பீரோ மேல் வைத்துவிட்டுப் போனாள். நோயாளி சொன்ன பதிலை வெளியே சொல்லக்கூடாது என்று உங்களுக்கு இருக்கிறது, அதனால் உனக்கும் அவள் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் நேர்மையை நான் எனக்கு வசதியாக்கிக்கொண்டேன். நீ போனில் கேட்டபோது, அத்தை ரொம்பக் களைச்சுப் போறா, அவளுக்கு இது பிடிக்கலை, வேற யாருக்காவது குடுங்க என்றேன். அவளுக்குப் பிடிக்கலை என்று நான் எப்படிச் சொன்னேன், சொல். அவள் வாயைத் திறந்து முதன்முதலில் சொன்ன சொல் எனக்கு ஆகவில்லை என்றதும், அவளுக்காக நானே பேசிவிட்டேன். முடியை எடுத்தபோதாவது அவள் மனசைத் தெரிந்துகொள்ள வழியில்லை என்று சாக்குச் சொல்லலாம். இதற்கு என்ன சாக்கு. நீ சரிப்பா, அத்தைக்கு வேண்டாம்னா வேண்டாம் என்றாய். உன் குரல் இறங்கிப்போனது எனக்குக் கேட்டது, நன்றாகவே கேட்டது. அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

போன வாரம் ராஜபாளையம் போயிருந்தேன். தலையில் முடி குத்துக் குத்தாக முளைத்திருக்கிறது. மாமா ஷிப்ட் முடிந்து வந்து கை கழுவிவிட்டு, பழக்க தோஷத்தில் சீப்பை எடுத்துவிட்டார். கையில் சீப்போடு செத்த நேரம் நின்றார், பிறகு அதை வைத்துவிட்டு உள்ளங்கையால் தலையைத் தடவிக்கொடுத்தார். என் பக்கம் திரும்பாமலே, மச்சான், அவ பேசாமக் கெடந்த வரைக்கும் நம்ம பாவம்னு நெனச்சோம், பேசினதும் பெட்டியைத் தூக்கி பீரோ மேல வச்சிட்டோம் என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. நம்ம என்று அவரையும் சேர்த்துக்கொண்டாரே, அதுதான் இன்னும் கூசியது. அவர் செய்தது ஒன்றும் இல்லை, எல்லாம் நான் செய்தது. அவருடைய ஒரே பேச்சுத்துணையாக அந்தச் சீப்பு இருந்தது, அதையும் சேர்த்து எடுத்துவிட்டேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான். அந்தத் தொப்பி மதுரையில் வேறொருவருக்குப் போகிறது என்றாய். அவருக்கும் அது தேவைதான், அவர் வாயையும் அடைக்கச் சொல்லவில்லை. ஆனால் நாகஜோதி விலகிக்கொண்டாள் என்று உங்கள் பேராசிரியரிடம் எழுதிக் கொடுத்திருப்பாயே, அது பொய், என் அப்பா சொன்ன பொய் என்று அப்படியே சொல். அப்பாவின் மானத்தைப் பார்க்காதே. இருவருக்கும் முறை வைத்தாவது, இன்னொரு தொப்பி வரும்வரை காத்திருந்தாவது, அவளுக்கு அது திரும்பக் கிடைக்க வேண்டும். ஹஃபீஸாவுக்கு நானே போன் பண்ணி உண்மையைச் சொல்லிவிட்டேன், என் மகளிடம் நானே சொல்கிறேன், அதுவரை பொறு என்றும் கேட்டுக்கொண்டேன். மெஷினும் சில சமயம் தப்பும், அதனால்தான் பலமுறை கேட்கிறோம் அங்கிள் என்று அவள் சொன்னாள். நானும் பூவைப் பலமுறைதானே கேட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். அவள் என்ன பதில் வந்தாலும் கணக்கில் எடுத்துக்கொள்கிறாள், நான் எனக்கு வேண்டிய பதில் வந்ததும் கேட்பதை நிறுத்தினேன். (இதற்குக் கீழே ஒரு வரியை அடித்திருக்கிறேன், ஏன் என்று பின்னால் எழுதுகிறேன்.)

மேலே உள்ளதை ஸ்ரீவில்லிபுத்தூரில் எழுதினேன், இதை ராஜபாளையத்தில் அத்தை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று ஞாயிறு, ஹஃபீஸா தன் லீவை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அத்தைக்குத் தொப்பி மாட்டி, அவள் எழுந்திருக்கிறாள், கேட்கிறாள் என்று உறுதி செய்த பிறகு, இந்தக் கடிதத்தை முதலிலிருந்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மாமாவும் கேட்டார், வாசலில் நின்று அம்மாவும் கேட்டாள். அம்மாவுக்குப் பூ விஷயம் இப்போதுதான் தெரியும், என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. வாசித்து முடித்து, ஜோதி, இதை ரஞ்சனிக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். கோடு ஏறியது. மெஷின் ஒனக்கு வேணுமா என்று கேட்டேன், ஏறியது. ஹஃபீஸா திருப்பிப்போட்டும் கேட்டாள், சந்தேகமே இல்லை, வேண்டும் என்கிறாள்.

அடித்த வரிக்கு வருகிறேன். அத்தை என்னை மன்னித்துவிடுவாள், தங்கச்சி மனசு எனக்குத் தெரியாதா என்று எழுதியிருந்தேன். வாசிக்கும்போது அந்த வரியில் நாக்கு நின்றுவிட்டது. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு அவளையே கேட்டேன், என்னைய மன்னிச்சிட்டியாட்டி என்று. கோடு எழும்பவில்லை. ஹஃபீஸா என் முகத்தைப் பார்த்தாள், திருப்பிக் கேள் தாயி என்றேன். அண்ணன் மேல இன்னும் கோவமா அத்தை என்று கேட்டாள். கோடு ஏறி, உச்சியில் நின்று, இறங்க நேரமானது. அந்த வரியை அப்போதுதான் அடித்தேன். மூன்றாம் தடவை கேட்கவில்லை. வெட்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஆனாலும் சொல்கிறேன், இத்தனை மாசம் கழித்து என் தங்கச்சி என்னிடம் கோபப்பட்டதில் உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது. சிறுபிள்ளையிலும் அவள் சீக்கிரம் சமாதானம் ஆகிறவள் இல்லை. ஆகிறவரை வாராவாரம் வந்து உட்கார்ந்திருப்பேன். அதற்கும் அவளைக் கேட்டுக்கொண்டுதான் வருவேன்.

மாமா ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார், அசல் தபாலில் வரும். படித்துவிட்டு அப்பாவைத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. நீயும் உன் வேலையும் நன்றாக இருக்க வேண்டும், யாருடைய வாய்க்கெல்லாம் நீ வழி செய்கிறாயோ அவர்கள் வாழ்த்து உனக்குச் சேர வேண்டும், அய்யனாரும் ஆண்டாளும் உன்னைக் காக்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளி, சனிக்கிழமையும் வேலைக்கு ஓடாதே. பொங்கலுக்கு வரும்போது அத்தைக்குச் சவுரிமுடி வாங்கி வருவாயோ, தலைக்குக் கட்டப் பட்டுத்துணி வாங்கி வருவாயோ, உன் மனசில் ஏதாவது ஓடும், எனக்குத் தெரியும். அவளுக்கு எது பிடிக்கும் என்று என்னிடம் கேட்காதே. அவளைக் கேள், ரத்தம் போய்ச் சேரும்வரை காத்திரு.

தலைகுனிந்த உன் அப்பா,
இருளப்பசாமி.